மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு பேட்டரி வாங்குங்கள்

இருசக்கர வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தாலும், பாடும் பல்லவி ஒன்றுதான். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரியை மாற்றினோம், சில மாதத்தில் மறுபடியும் அதே தொல்லை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் பேட்டரிக்கும் அதற்குச் சார்ஜ் ஏற்றும் பாகங்களுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். சோதனைகளுக்குத் தேவையானவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். சில நூறு ரூபாய் மீட்டரே போதும்.

பாகங்கள் மூன்றுதான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னட்டும் அதற்குள் அசையாமல் இருக்கும் காயிலும் (ஸ்டேட்டர் என்பதும் இதைத்தான்) ஏ.சி. மின்சாரம் தருகின்றன. ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) அதை டி.சி.யாக மாற்றி, வோல்டேஜ் அளவு மீறாமல் கட்டுப்படுத்துகிறது. மூன்றாவது, அதைச் சேமிக்கும் பேட்டரி.

கேள்வி: என் 150 சி.சி. வண்டிக்கு எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது மூன்றாவதும் காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. கிக்கர் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கடைக்காரர் வேறு கம்பெனி பேட்டரி போடச் சொல்கிறார். போடலாமா? (ஈரோடு)

பதில்: போடாதீர்கள். எட்டு மாதத்தில் மூன்று பேட்டரி கெடுகிறது என்றால் அவற்றைக் கெடுப்பது வண்டியிலேயே இருக்கிறது. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, மூன்று நேரங்களில் அளந்து எழுதி வையுங்கள்.

முதல் அளவு, ஓய்வில். பேட்டரியை வெளியே கழற்றி முழுவதுமாகச் சார்ஜ் செய்து, இரவு முழுக்கச் சும்மா வைத்து, காலையில் அளக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் 13 வோல்ட் காட்டி ஏமாற்றும். அது மேலோட்டமான சார்ஜ். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்தால் இறங்கிவிடும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைவு. சீல் செய்த வகை 12.8-க்கு மேலும் நிற்கும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். முழுச் சார்ஜுக்குப் பிறகும் 10.5-ஐ ஒட்டி நின்றால் ஆறு செல்லில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், அது போய்விட்டால் மிச்சம் அவ்வளவுதான். அந்தப் பேட்டரியை எந்தச் சார்ஜரும் மீட்காது.

இரண்டாவது அளவு, செல்ஃப் அழுத்தும்போது. மீட்டர் முனைகளைப் போல்ட்டில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே வையுங்கள். முழுச் சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 11-க்கு மேல் நின்றும் மோட்டார் சுற்றாமல் ‘டிக்’ என்று ரிலே சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. ரிலே, கேபிள், செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு அளவை எடுக்காததால் வீணாக மாற்றப்படும் பேட்டரிகள் ஏராளம்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. ஹெட்லைட் எரியட்டும். ஐடிலிங்கில் ஓய்வு அளவைவிடச் சற்றாவது கூடியிருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கி 4,000 – 5,000 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோனால் 13.8 முதல் 14.5 வரை ஏறி, அங்கேயே நிற்க வேண்டும். மேலும் முறுக்கினாலும் ஏறக் கூடாது. சில மாடல்களுக்கு உச்சம் சற்று மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

இனித் தீர்ப்பு எளிது. முறுக்கினாலும் ஓய்வு அளவிலேயே நின்றாலோ, ஓட ஓட இறங்கினாலோ சார்ஜ் ஏறவில்லை. 13-ஐத் தாண்டத் திணறினால் பாதி சார்ஜ்தான் ஏறுகிறது. மூன்று ஃபேஸ் காயிலில் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கருகியிருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்படுத்தவில்லை.

குறைச் சார்ஜும் பேட்டரியைக் கொல்லும், மிகைச் சார்ஜும் கொல்லும். குறைச் சார்ஜில் தகடுகளில் ஈய சல்பேட் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, காலையில் மட்டும் செல்ஃப் எடுக்காது. மிகைச் சார்ஜில் பேட்டரி சுடும், தண்ணீர் அடிக்கடி குறையும், பக்கம் உப்பும். உங்கள் கடிதத்தில் உப்பலைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதால் குறைச் சார்ஜாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

செல்ஃப் அடித்து அடித்துத்தான் பேட்டரி போகிறது என்று கடையில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் 60 ஆம்பியர் இழுத்தாலும் 3 விநாடிக்கு ஆகும் செலவு 0.05 ஆம்பியர்-அவர்தான் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு இது). சில நிமிட ஓட்டத்தில் அது திரும்ப ஏறிவிடும். அரைச் சார்ஜில் நாள்கணக்காக நிற்பதுதான் பேட்டரிக்கு எமன்.

கேள்வி: இன்ஜினை முறுக்கினால் மீட்டரில் 15.6 வோல்ட் காட்டுகிறது. இரண்டு ஹெட்லைட் பல்பு போய்விட்டன. பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருக்கிறது, புளித்த நெடியும் அடிக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: முதலில் அந்த மீட்டரை நம்பலாமா என்று பாருங்கள். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால் மலிவு மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நல்ல நிலையில் உள்ள வேறொரு வண்டியின் பேட்டரியை, இன்ஜின் ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது அளந்து பாருங்கள். அங்கேயும் 13.8 என்று காட்டினால் மீட்டர் பேட்டரியை மாற்றுங்கள். உங்களுக்கோ பல்பு போகிறது, பேட்டரி உப்புகிறது. ஆகவே மிகை வோல்டேஜ் நிஜமாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

உடனே ஆர்.ஆர். யூனிட் வாங்கிவிட வேண்டாம். பல யூனிட்கள் பேட்டரி வோல்டேஜைத் தங்கள் ஒயர்கள் வழியாகத்தான் ‘பார்க்கின்றன’. எர்த் ஒயரோ, உணர் ஒயர் (பேட்டரி வோல்டேஜை யூனிட்டுக்குத் தெரிவிக்கும் ஒயர்) தனியாக உள்ள மாடல்களில் அதுவோ துருப்பிடித்து நடுவில் ஒரு வோல்ட்டைத் தின்றால், யூனிட்டுக்கு 14.4 என்று தெரியும்போது பேட்டரியில் 15.4 இருக்கும். யூனிட் தன் கணக்குப்படி சரியாகத்தான் வேலை செய்கிறது. இன்ஜின் 5,000-இல் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் எர்த் ஒயரிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயர் நல்லது, யூனிட்டை மாற்றலாம். அதற்கு மேல் என்றால் முதலில் அந்த எர்த் முனையைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, சார்ஜரிலும் போடக் கூடாது. மிகைச் சார்ஜில் அதிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் பீடி, தீக்குச்சி, ஸ்பேனர் உரசிய தீப்பொறி எதுவும் ஆகாது. கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். சேஸிஸில் சிந்தியிருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கிய பிறகு கழுவிவிடுங்கள். இல்லையென்றால் பெயின்டைத் தின்று இரும்பையும் அரிக்கும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்துவிடுங்கள். ஈயம் மண்ணுக்கும் குழந்தைகளுக்கும் விஷம். கடையில் அதற்கு விலையும் கழிப்பார்கள்.

கேள்வி: சார்ஜ் சுத்தமாக ஏறவில்லை. ‘காயில் எரிந்துவிட்டது, இன்ஜின் கவரைக் கழற்ற வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். கழற்றாமல் உறுதி செய்ய வழி உண்டா? யூனிட்டுக்கு மூன்று மஞ்சள் ஒயர்கள் வருகின்றன. (தஞ்சாவூர்)

பதில்: உண்டு. கவரில் கை வைக்கும் முன் அதைச் செய்தே ஆக வேண்டும். கவரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஆயிலை இறக்க வேண்டும், கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும். மூன்று மஞ்சள் ஒயர் என்றால் உங்களுடையது மூன்று ஃபேஸ் காயில். காயிலிலிருந்து யூனிட்டுக்குப் போகும் கப்ளரைப் பிரியுங்கள். பிரித்ததும் முதலில் கண்ணால் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், பின் கறுத்திருந்தால், பழுதில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

இன்ஜின் நிற்கட்டும். மீட்டரை 200 ஓமில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2 அல்லது 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை, பிறகு வரும் அளவுகளில் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது காயில் பக்கத்து மஞ்சள் ஒயர்களை இரண்டு இரண்டாக அளங்கள்: முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலாவதும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு ஓமுக்குக் கீழேயே இருக்கும். எண்ணைவிட மூன்றும் சமமாக இருப்பது முக்கியம். ஒன்று எல்லையில்லாத் தடை காட்டினால் சுற்று அறுந்திருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு மஞ்சள் ஒயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே அளங்கள். இங்கே தொடர்பே இருக்கக் கூடாது. எண் ஏதாவது வந்தால் இன்சுலேஷன் கருகி, சுற்று எர்த் ஆகிவிட்டது. ஓர் எச்சரிக்கை: சின்ன வண்டிகள் பலவற்றில் ஒற்றை ஃபேஸ் காயிலின் ஒரு முனையை கம்பெனியே எர்த்தில் கட்டியிருக்கும். அங்கே எர்த் தொடர்பு காட்டுவது இயல்பு. இது தெரியாமல் நல்ல காயிலைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மூன்று மஞ்சள் ஒயருக்கு அந்த விலக்கு கிடையாது.

ஓம் அளவு மட்டும் போதாது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் தமக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் ஓம் அளவில் வித்தியாசம் தெரியாத அளவு சிறிதாக இருக்கும். ஆகவே கப்ளரைப் பிரித்த நிலையிலேயே இன்ஜினை ஓட்டி, மீட்டரை 200 வோல்ட் ஏ.சி.யில் வைத்து அதே மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். ஐடிலிங்கில் 15 – 20 வோல்ட், 5,000-இல் 50 வோல்ட்டைத் தாண்டுவது மூன்று ஃபேஸ் காயில்களில் வழக்கம். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். மூன்று ஜோடியும் ஒன்றுக்கொன்று ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் காயில் தேறியது. விரலை முனையில் வைக்காதீர்கள், அந்த வோல்டேஜ் நன்றாகவே அடிக்கும். காலைக் குளிரில் தேறிய காயில் இருபது நிமிடம் ஓட்டிய சூட்டில் தோற்பதும் நடக்கும். சந்தேகம் இருந்தால் சூட்டோடு இன்னொரு முறை அளங்கள்.

காயில் தேறிவிட்டால் யூனிட். வண்டியிலிருந்து கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். ஒவ்வொரு மஞ்சள் பின்னிலிருந்தும் பாசிட்டிவ் பின்னுக்கு ஒரு திசையில் 0.4 – 0.7 காட்ட வேண்டும், முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக் கூடாது. மஞ்சளுக்கும் நெகட்டிவுக்கும் நடுவிலும் அதே போல. ஆக ஆறு டயோடு, பன்னிரண்டு அளவு. ஒன்று இரண்டு திசையிலும் கடத்தினாலும், இரண்டு திசையிலும் கடத்தாவிட்டாலும் யூனிட் போனது. ஆனால் எல்லாமே சரியாகக் காட்டும் யூனிட்டும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தத் தவறலாம். அதை ஓடும்போது பேட்டரியில் அளந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

காயில் ஏன் எரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் உள்ள யூனிட், தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தைக் காயிலையே ஷார்ட் செய்து கழிக்கிறது. விளக்கை அணைத்தாலும் காயிலுக்கு ஓய்வு இல்லை, ஏறக்குறைய முழுக் கரண்ட்டும் அதில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆயிலில் நனையும் காயிலுக்கு அந்த ஆயில்தான் குளிர்ச்சி. ஆயில் அளவு குறைந்தால் கம்பியின் எனாமல் பூச்சு வெந்துபோகும். லூஸான கப்ளர் தன் சூட்டில் தானே கருகும். ஆகவே புதுக் காயில் போடும்போது கப்ளர் பின்களையும் மாற்றிவிடுங்கள். பழைய கருகிய கப்ளரிலேயே புதுக் காயிலைச் சொருகுவது பணத்தை ஆற்றில் போடுவது.

ரீவைண்டிங் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கம்பியின் கனமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் பழையதோடு அப்படியே ஒத்து, 180 டிகிரி தாங்கும் எனாமல் கம்பியும் வார்னிஷும் போடுகிற ஆள் கிடைத்தால் செய்யலாம். ஃபேன், மோட்டார் சுற்றும் சாதாரணக் கம்பி என்றால் வேண்டாம்.

கேள்வி: பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். ஹெட்லைட் நன்றாக எரிகிறது, முறுக்கினால் இன்னும் பிரகாசம். ஆனால் ஹாரன் கம்முகிறது, இண்டிகேட்டர் மங்கல். ஹெட்லைட் எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்றுதானே பொருள்? (திருநெல்வேலி)

பதில்: இல்லை. அந்த வண்டியில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடுவதே இல்லை. காயிலிலிருந்து வரும் ஏ.சி.யில் எரிகிறது. முறுக்கினால் பிரகாசம் கூடுவது அதனால்தான். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியை நம்பியிருக்கின்றன.

யூனிட்டுக்கு நான்கு ஒயர் வரும். மஞ்சள் விளக்குக்கு, வெள்ளை சார்ஜுக்கு, சிவப்பு பேட்டரி பாசிட்டிவுக்கு, பச்சை எர்த். விளக்கு எரிவதால் மேக்னட்டும் மஞ்சள் வழியும் நல்லவை. சந்தேகம் வெள்ளை, சிவப்பு, யூனிட் மூன்றின் மேல். கப்ளரைப் பிரித்து இன்ஜினை ஓட்டி, வெள்ளைக்கும் எர்த்துக்கும் ஏ.சி. வோல்ட் அளங்கள். முறுக்க முறுக்க ஏறினால் காயில் சரி. பிறகு இன்ஜினை நிறுத்தி, யூனிட் கப்ளரின் சிவப்பு ஒயரில் பேட்டரி வோல்ட் அப்படியே வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ் அல்லது ஃபியூஸ் பெட்டியின் தகடு. இரண்டும் சரி என்றால் யூனிட்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடல் யூனிட்டைப் போடாதீர்கள். உங்கள் வண்டியில் காயிலின் ஒரு முனை எர்த். இரண்டு முனையும் எர்த் இல்லாமல் வரும் காயிலுக்குச் செய்த முழு அலை யூனிட்டை (ஏ.சி. அலையின் இரண்டு பாதியையும் டி.சி.யாக மாற்றுவது) அதில் மாட்டினால், யூனிட்டின் உள் டயோடு ஒன்று காயிலை ஷார்ட் செய்துவிடும். இப்போது பல ஊர்களில் ‘ஃபுல் டி.சி.’ என்று மாற்றித் தருகிறார்கள். காயிலின் எர்த் முனையைப் பிரித்துத் தனி ஒயராக வெளியே கொண்டுவந்த பிறகே முழு அலை யூனிட் போட வேண்டும். அந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு யூனிட்டை மட்டும் மாற்றுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் ஸ்கூட்டர் சீட் வரை மூழ்கி நின்றது. சரி செய்து ஓட்டினாலும் அதன் பிறகு சார்ஜ் 13.1-ஐத் தாண்டுவதில்லை. காயிலும் யூனிட்டும் புதிது. (சென்னை, வேளச்சேரி)

பதில்: உங்கள் வண்டியில் மின்சாரம் உற்பத்தியாகிறது, வழியில் காணாமல் போகிறது. கப்ளர்களுக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை இதுதான். ஹெட்லைட்டைப் போட்டு, 5,000-இல் ஓட்டி, மீட்டரை டி.சி.யில் வைத்து ஒரு முனையை யூனிட்டின் சிவப்பு ஒயரிலும் (கப்ளரின் பின்பக்கத்தால் சின்ன ஊசி நுழைத்து) மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். இரண்டும் ஒரே ஒயரின் இரண்டு கோடிகள்தான், ஆகவே வித்தியாசம் 0.3-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 0.8, 1 என்று வரும் என்று எதிர்பார்க்கிறோம். வந்தால் மீட்டரின் முனையைப் பேட்டரியிலிருந்து ஃபியூஸுக்கு, ஃபியூஸிலிருந்து அடுத்த இணைப்புக்கு என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எண் எந்த இடத்தில் திடீரென்று குறைகிறதோ, அந்த இணைப்புதான் கள்ளன். நெகட்டிவ் பக்கத்தையும் இதே போல ஒருமுறை பாருங்கள். சேஸிஸில் எர்த் போல்ட் பிடிக்கும் இடத்தை மறக்காதீர்கள், ஸ்கூட்டர்களில் அது தளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

களிம்பை எடுக்கக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். உலர்ந்த பிறகு கொஞ்சம் வாசலின் தடவி மாட்டுங்கள். ஒயரின் இன்சுலேஷனுக்குள் செம்பு கறுத்து உதிர்ந்தால் சுத்தம் செய்து பயனில்லை. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிப் புது ஒயர் சால்டர் செய்ய வேண்டும்.

கேள்வி: வாரக் கடைசியில்தான் வண்டி எடுக்கிறேன். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு நாளில் படுத்துவிடுகிறது. ஜி.பி.எஸ். டிராக்கர் ஒன்று பொருத்தியிருக்கிறேன். (கோயம்புத்தூர்)

பதில்: சாவியை எடுத்த பிறகும் இழுக்கும் கரண்ட்டை அளங்கள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலைக்கு மாற்றி (சிவப்பு ஒயரை 10ஏ துளையில் சொருக வேண்டும்), கழற்றிய ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் சேர்த்துவிடுங்கள். இந்த நிலையில் சாவி போடவோ செல்ஃப் அழுத்தவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஐந்து நிமிடம் காத்திருங்கள், அதன் கம்ப்யூட்டர் உறங்கிய பிறகு வரும் எண்தான் உண்மை. மிகக் குறைவு என்று தெரிந்தால் மில்லி ஆம்பியர் நிலைக்கு இறங்குங்கள்.

எதுவும் கூடுதலாகப் பொருத்தாத வண்டியில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் டிராக்கர் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு 0.48 ஆம்பியர்-அவர். ஆறு நாளில் ஏறக்குறைய 2.9, அதாவது பேட்டரியில் பாதிக்கு மேல். கோடையில் பேட்டரி தானாக இறங்குவதும் சேரும். டிராக்கரின் ஃபியூஸை எடுத்தும் எண் குறையவில்லையென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கடைசியில் ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரைப் பிரியுங்கள். அதன் டயோடு கசிந்தால் பேட்டரியின் கரண்ட் சாவி இல்லாமலேயே பின்னோக்கி ஓடும். பலர் கடைசிவரை சந்தேகிக்காத இடம் இது.

டிராக்கர் அவசியம் என்றால், வீட்டில் இருக்கும் நாள்களில் சிறிய பராமரிப்புச் சார்ஜர் ஒன்றை மாட்டி வைப்பதுதான் வழி. ஐடிலிங்கில் பத்து நிமிடம் ஓடவிடுவதால் ஒன்றும் ஏறாது.

கேள்வி: இரண்டு எல்.இ.டி. ஃபாக் லேம்ப் போட ஆசை. பேட்டரி தாங்குமா? (மதுரை)

பதில்: பேட்டரி தாங்குவதைவிடக் காயில் தருவதுதான் கேள்வி. பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பாமல், லேம்பை வாங்கும் முன் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர் என்றால் 36 வாட். ஏற்கெனவே உள்ள 35 வாட் ஹெட்லைட்டைவிடச் சற்று அதிகம்.

தற்காலிகமாக ஒயர் இணைத்து, எல்லா விளக்கையும் எரியவிட்டு, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்துக்குரிய ஆர்.பி.எம்.மில் பேட்டரியில் அளங்கள். 13.3-க்கு மேல் நின்றால் போடலாம். அதற்குக் கீழே என்றால் ஒரே ஒரு லேம்ப், அல்லது ஹெட்லைட்டையே எல்.இ.டி.யாக மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அணைத்துவிடுங்கள்.

ஒயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ரிலே, 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். ரிலேயை உசுப்பும் ஒயரைச் சாவிக்குப் பிறகு வரும் இணைப்பிலிருந்து எடுங்கள். எர்த்தைப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிட்டு டேப் சுற்றுவது, ஒரு மழைக்காலத்தில் நடுவழியில் நிற்பதற்கான ஏற்பாடு.

கேள்வி: பேட்டரி இல்லாமலேயே கிக்கர் அடித்து ஓட்டலாமா? (விழுப்புரம்)

பதில்: வேண்டாம். பேட்டரிதான் வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தை உள்வாங்குகிறது. அது இல்லாவிட்டால் பல்பு, மீட்டர் போர்டு, இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டர் எல்லாம் அந்த அடியை வாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜ் வருகிறதா’ என்று பார்க்கும் பழைய சோதனையும் இதே காரணத்தால் கூடாது.

கேள்வி: பாயின்ட் செட் உள்ள பழைய புல்லட். ஆம்மீட்டர் முள் ஐடிலிங்கில் துடிக்கிறது, மைனஸ் பக்கம் சாய்கிறது. பழுதா? (காரைக்குடி)

பதில்: துடிப்பது இயல்பு. பாயின்ட் மூடும்போது இக்னிஷன் காயில் கரண்ட் இழுக்கிறது, திறக்கும்போது நிற்கிறது, முள் அதைக் காட்டுகிறது. வேகம் கூடியதும் துடிப்பு அடங்கி, ஹெட்லைட்டோடும் முள் நடுவிலோ பிளஸ் பக்கமோ வந்துவிட்டால் கவலை இல்லை. ஓட்டத்திலும் மைனஸிலேயே கிடந்தால் மேலே சொன்ன வோல்ட் சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் விட்டுப் போகாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் இக்னிஷன் காயிலும் சுடும், பேட்டரியும் இறங்கும்.

கேள்வி: புது பேட்டரி வாங்கி ஆசிட் ஊற்றியவுடன் மாட்டிவிட்டார்கள். சரிதானா? பக்கத்துக் கடையில் கார் சார்ஜர் இருக்கிறது, அதில் போடலாமா? (திண்டுக்கல்)

பதில்: சரியில்லை. உலர் நிலையில் வரும் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றி, தகடு ஊற அரை மணி நேரமாவது விட்டு, பிறகு முதல் சார்ஜ் ஏற்றித்தான் மாட்ட வேண்டும். ஊற்றியவுடனேயும் 12.4 காட்டும், செல்ஃபும் எடுக்கும். ஆனால் முதல் சார்ஜ் ஏற்றாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் முழுக் கொள்ளளவுக்கு அந்தப் பேட்டரி வராது. இப்போதும் கெட்டுவிடவில்லை, கழற்றிச் சார்ஜ் செய்துவிடுங்கள்.

கரண்ட், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், 9-க்கு 0.9. அந்த அளவில் ஐந்து முதல் பத்து மணி நேரம். கார் சார்ஜர் 5, 6 ஆம்பியர் தள்ளினால் சின்னப் பேட்டரி கொதித்துத் தகடு வளைந்துவிடும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் சார்ஜ் செய்யும்போது மூடிகளைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு செல்லும் 1.26 – 1.28-க்கு வந்து ஒரு மணி நேரம் மாறாமல் நிற்பதே நிறைவு. ஐந்து செல் அப்படி இருக்க ஒன்று மட்டும் 1.20-ஐத் தாண்டாவிட்டால் உத்தரவாதக் காலத்துக்குள் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பின்னாளில் அளவு குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், மேல் கோடு வரை. ஆசிட் ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. கேன் தண்ணீரும் கூடாது. பேட்டரியின் வாயுவை வெளியேற்றும் சுவாசக் குழாய் மடங்கி அடைபடாமல், நுனி செயினுக்கோ சேஸிஸுக்கோ மேலே சொட்டாதபடி கீழே இறங்கியிருக்கிறதா என்று மாட்டிய அன்றே பார்த்துவிடுங்கள். சீல் செய்த வகையின் மூடியை எக்காரணத்துக்காகவும் நெம்பித் திறக்காதீர்கள்.